வீலர் ஆசிரியரின் இரண்டு மாணவர்கள்: காலப்பயணமும் இணை உலகங்களும் வந்த வழி



'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'மாநாடு' (2021) எனத் தமிழ்த் திரைப்படங்களும் காலத்தோடு விளையாடத் தொடங்கிய பிறகு, அறிவியல் பாடவேளையில் மாணவர்கள் கேட்கும் கேள்விகளின் போக்கு மாறிவிட்டது. "ஐயா, ஒருவர் பின்னோக்கிப் போய்த் தம் தாத்தாவின் திருமணத்தையே தடுத்துவிட்டால், அவர் எப்படிப் பிறந்திருப்பார்?" என்று ஒரு மாணவன் கேட்பான். ஆங்கிலப் படம் பார்க்கும் இன்னொருவன் உடனே, "அது வேறு யுனிவர்ஸ்" என்று விடை சொல்லிவிடுவான். வகுப்பும் அமைதியாகிவிடும். கேள்வியும் விடையும் சோடி சேர்ந்தே பிறந்தவை என்பதுபோல் இன்று ஆகிவிட்டது.

உண்மை அதுவன்று. கேள்வி கதைகளில் பிறந்து, பிறகு ஈர்ப்பியலுக்குள் நுழைந்தது. விடையோ முற்றிலும் வேறொரு சிக்கலைத் தீர்க்க, காலப்பயணத்தைப் பற்றிய நினைவே இல்லாமல், ஓர் இளைஞரின் முனைவர் பட்ட ஆய்வில் பிறந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த இரண்டு ஓடைகளும் ஒரே ஓர் ஆசிரியரின் அறை வழியாக ஓடியிருக்கின்றன என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் உள்ள சுவை. அவர் பெயர் ஜான் ஆர்ச்சிபால்டு வீலர்.

கதைகளில் தொடங்கியது

காலப்பயணம் என்றதும் எல்லாரும் எச்.ஜி.வெல்ஸ் 1895-இல் எழுதிய புதினத்தைச் சொல்வர். இயந்திரத்தில் ஏறிக் காலத்தைக் கடப்பது என்பது அதற்கும் முன்பே, 1887-இல், ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் என்ரிக்கே காஸ்பரின் கதையில் வந்துவிட்டது. வெல்ஸின் பயணி 802701-ஆம் ஆண்டுக்குப் போகிறார். அவர் முன்னோக்கியே போவதால் தாத்தாவைச் சந்திக்கும் சங்கடம் அவருக்கு இல்லை.

நம் புராணத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. ககுத்மி என்னும் அரசன் தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரமனின் உலகுக்குச் சென்று, அங்கே சற்று நேரம் இசை கேட்டுக் காத்திருந்தான். அதற்குள் மண்ணுலகில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டனவாம். "பார்த்தீர்களா, நம்மவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அழகான கதைதான், ஆனால் அதுவும் முன்னோக்கிய பயணமே. முன்னோக்கிப் போவதில் முரண் ஏதும் இல்லை. 1971-இல் ஹாஃபல், கீட்டிங் என்னும் இருவர் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தனர். கிழக்கு நோக்கிச் சென்றபோது அக்கடிகாரங்கள் தரையில் இருந்தவற்றைவிட ஏறத்தாழ 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன. அதாவது, அவை அவ்வளவு நேரம் எதிர்காலத்துக்குள் குதித்திருந்தன. ஐன்ஸ்டைன் 1905-இலும் 1915-இலும் சொன்னவற்றோடு இது பொருந்திற்று.

சிக்கல் பின்னோக்கிப் போவதில்தான். 1933-இல் நத்தானியல் ஷாக்னர் என்னும் அமெரிக்கர் எழுதிய ஒரு சிறுகதையில் பயணி தன் முன்னோரையே கொன்றுவிடுகிறார். 1943-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ஜவெல் இதையே விரிவாக எழுதினார். முன்னோர் இறந்தால் பேரன் இல்லை, பேரன் இல்லையேல் கொலை இல்லை, கொலை இல்லையேல் முன்னோர் பிழைப்பார், பேரனும் பிறப்பான், பிறந்தவன் மறுபடி கொல்லப் புறப்படுவான். 'தாத்தா முரண்' என்று இன்று நாம் அழைப்பது இதுதான். 1943 வரை இது கதாசிரியர்களின் சொத்தாகவே இருந்தது. இயற்பியலாளர் எவரும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மை எண்ணவில்லை.

சமன்பாடு திறந்த கதவு

ஆறு ஆண்டுகளில் அந்த நிம்மதி போயிற்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து நாள்தோறும் இருவர் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பது வழக்கம். ஒருவர் ஐன்ஸ்டைன், மற்றவர் ஏரண வல்லுநர் குர்ட் கோடெல். 1949-இல் ஐன்ஸ்டைனின் எழுபதாம் அகவையை ஒட்டி, அவருடைய சமன்பாடுகளுக்கே ஒரு புதிய தீர்வைக் கோடெல் அளித்தார். அந்தத் தீர்வில் அண்டம் முழுவதும் சுழல்கிறது. அந்தச் சுழல்அண்டத்தில் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் செல்லும் விண்கலம், போதிய தொலைவு சுற்றினால், தன் சொந்தக் கடந்த காலத்துக்கே வந்து சேரும். பிறந்தநாளுக்கு இப்படி ஒரு பரிசு!

நம் அண்டம் விரிகிறது. கோடெலின் அண்டம் விரியாது. ஆகவே அது நம் அண்டம் அன்று. ஆனால் கோடெல் கேட்டது அதைவிட ஆழமான கேள்வி. இயற்பியல் விதிகள் ஓர் அண்டத்திலேனும் கடந்த காலத்துக்குச் செல்ல இடம் தருமாயின், அங்கே 'கடந்தது' எதுவும் உண்மையில் கடக்கவில்லை. அப்படியானால் காலம் ஓடுகிறது என்ற நம் உணர்வே ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. இத்தகைய தீர்வுகளை இயற்பியல் காரணங்களால் விலக்க முடியுமா என்பது ஆராயத்தக்கது என்று மட்டும் ஐன்ஸ்டைன் எழுதினார்.

கோடெலுக்கும் முன்பே இந்தக் கதவின் அருகில் ஒருவர் நின்றிருந்தார் என்பதைப் பலர் அறியார். ஹாலந்து நாட்டவரான வில்லெம் வான் ஸ்டாக்கும், 1937-இல், சுழலும் நீண்ட உருளைக்கு ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின் தீர்வைக் கண்டார். அதற்குள்ளும் கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதை இருந்தது. ஆனால் அந்தப் பாதை பிறர் கண்ணில் படப் பல ஆண்டுகள் ஆயின. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானியாகச் சேர்ந்த அவர், 1944 சூன் 10-ஆம் நாள், பிரான்சின் வான்பரப்பில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 33.

வீலரின் அறை

இனி நம் ஆசிரியரிடம் வருவோம். வீலர் 1911-இல் பிறந்தவர். இளமையில் கோப்பன்ஹேகன் சென்று நீல்ஸ் போரிடம் பயின்றவர். 1939-இல் அவரோடு சேர்ந்து அணுக்கருப் பிளவின் கோட்பாட்டை எழுதியவர். பின்னர்ப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்தார். புகழ் பெற்ற பின்னும் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதை அவர் விடவில்லை. அவருடைய முதல் தலைமுறை மாணவர்களுள் ஒருவர் ரிச்சர்டு ஃபைன்மன். ஒருநாள் வீலர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லா எலெக்ட்ரான்களும் ஒரே மாதிரி இருப்பதன் காரணம் தமக்குத் தெரிந்துவிட்டது என்றாராம்: இருப்பதே ஓர் எலெக்ட்ரான்தான், அது காலத்தில் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருக்கிறது! ஃபைன்மன் இதை 1965-இல் நோபல் உரையிலேயே குறிப்பிட்டார். மாணவர்கள் முன் இப்படிப் பித்துப்பிடித்ததுபோல் சிந்திக்க அஞ்சாத ஆசிரியர் அவர். பித்தான எண்ணத்துக்கு அவர் அறையில் எப்போதும் ஒரு நாற்காலி உண்டு.

1953-இல் பிரின்ஸ்டனுக்கு வந்து, பின்னர் அந்த நாற்காலியில் அமர்ந்த மாணவர் ஹியூ எவரெட். வேதிப் பொறியியல் படித்துவிட்டு வந்தவர். பன்னிரண்டு வயதிலேயே, தடுக்க முடியாத விசை அசைக்க முடியாத பொருளை மோதினால் என்னாகும் என்பது பற்றி ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதிய பிள்ளை அவர். 1943-இல் ஐன்ஸ்டைன் விடையும் எழுதினார். அத்தகைய விசையும் இல்லை, பொருளும் இல்லை. ஆனால் தானே உண்டாக்கிக்கொண்ட இடர்களைத் தானே முட்டி மோதிக் கடந்த ஒரு பிடிவாதக்காரப் பையன் இருப்பதாகத் தெரிகிறது என்பது அதன் கருத்து. பிள்ளையின் கேள்வியைக் குப்பையில் போடாத அந்தப் பெரியவரை வணங்கத் தோன்றுகிறது.

எவரெட்டைத் துன்புறுத்திய சிக்கல் காலப்பயணம் அன்று, அளவீடு. குவாண்டம் இயற்பியலின்படி ஒரு துகளை அளக்கும்வரை அது பல நிலைகளின் கலவையாக இருக்கிறது. ஷ்ரோடிங்கரின் சமன்பாடு அந்தக் கலவை எவ்வாறு மாறும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் நாம் அளந்து பார்க்கும்போது ஒரே ஒரு நிலைதான் தென்படுகிறது. மற்றவை எங்கே போயின? அளந்த நொடியில் கலவை திடீரென ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது என்பது அன்றைய பாடநூல் விடை. சமன்பாட்டில் அந்தச் சுருக்கத்துக்கு இடமே இல்லை. அது வெளியிலிருந்து ஒட்டவைத்த விதி. உயிரோடும் பிணமாகவும் ஒருங்கே இருக்கும் பூனையைச் சொல்லி, 1935-இல் ஷ்ரோடிங்கரே இந்த நிலையின் விந்தையைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

1954-இல் ஓர் இரவு. எவரெட்டும், சக மாணவர் சார்ல்ஸ் மிஸ்னரும், நீல்ஸ் போரின் உதவியாளராக வந்திருந்த ஓர் இளைஞரும் ஷெரி மது அருந்தியபடி வாதிட்டுக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் பிறந்தது. (பெற்றோர் மன்னிக்க, வரலாறு அப்படித்தான் இருக்கிறது.) எவரெட் சொன்னது மிக எளிது: ஒட்டவைத்த விதியைப் பிய்த்து எறியுங்கள். சமன்பாட்டை அப்படியே நம்புங்கள். அளப்பவரும் அணுக்களால் ஆனவர்தாமே? அவரையும் அதே சமன்பாட்டுக்குள் இடுங்கள். அப்போது துகள் மட்டுமின்றி, 'இந்நிலையைக் கண்ட அளப்பவர்', 'அந்நிலையைக் கண்ட அளப்பவர்' என்று அவரும் கிளைத்துவிடுவார். ஒவ்வொரு கிளையில் உள்ளவருக்கும் ஒரே விடைதான் தெரியும். மற்றக் கிளையை அவரால் உணர முடியாது. எதுவும் சுருங்கவில்லை, எதுவும் மறையவில்லை.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று, நாம் கற்பனை செய்யும் எல்லா உலகங்களும் உண்டு என்று எவரெட் சொல்லவில்லை. சமன்பாடு அனுமதிக்கும் கிளைகள் மட்டுமே உண்டு. இரண்டு, கிளைவிட்டுக் கிளை தாவ அவருடைய கோட்பாட்டில் வழியே இல்லை. படங்களில் நாயகன் கதவைத் திறந்துகொண்டு அடுத்த அண்டத்துக்குள் நுழைவது எவரெட் எழுதியதன்று.

1956 சனவரியில் 137 பக்கங்களில் ஆய்வேடு உருவானது. வீலருக்கு அதன் அருமை புரிந்தது, அச்சமும் வந்தது. அளவீடு பற்றிய பழைய விடையின் பேராசான் அவருடைய சொந்த ஆசான் நீல்ஸ் போர் அல்லவா? அவ்வாண்டே கோப்பன்ஹேகனுக்கு நேரில் சென்று மாணவருக்காக வாதிட்டார். பலன் இல்லை. அங்கிருந்த ஓர் ஆய்வாளர் இதை இறையியல் என்று ஒதுக்கியே கடிதம் எழுதினார். திரும்பி வந்த வீலர், எவரெட்டை அருகில் இருத்திக்கொண்டு ஆய்வேட்டைச் சுருக்கினார். நினைவாற்றல் உள்ள அமீபா ஒன்று பிளந்துகொண்டே போவதுபோல் என்று எவரெட் ஒரு முன்வரைவில் தந்திருந்த உவமை போயிற்று. துணிந்த சொற்கள் போயின. நான்கில் ஒரு பங்கே எஞ்சிற்று. அது 1957 சூலையில் வெளியானது. கூடவே வீலரின் பரிந்துரைக் கட்டுரையும் வந்தது.

வீலர் செய்தது சரியா? சிவப்பு மையோடு மாணவர் கட்டுரைகளின் முன் அமரும் நமக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வி அன்று. அவர் வெட்டியிராவிட்டால் ஆய்வேடு ஏற்கப்படாமலே போயிருக்கலாம். வெட்டியதால், படித்தவர்களுக்கு அதில் என்ன புதுமை என்பதே தெரியாமல் போயிற்று. மாணவரைக் காக்கவும் வேண்டும், குருவின் மனம் நோகவும் கூடாது என்று இரண்டு பக்கமும் அவர் பார்த்தார். என் கருத்தில், அவர் பட்டத்தைக் காப்பாற்றினார், மாணவரை இழந்தார். பட்டம் கைக்கு வருமுன்பே எவரெட் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

அந்தக் கட்டுரையை ஊன்றிப் படித்தவர் ஒருவர் உண்டு: அந்த இதழ்த் தொகுப்பின் பதிப்பாசிரியர் பிரைஸ் டிவிட். கணக்கு சரிதான், ஆனால் நான் கிளைப்பதாக எனக்குத் தோன்றவில்லையே என்று அவர் எழுதினார். பூமி சுழல்வதாக உங்களுக்குத் தோன்றுகிறதா என்று எவரெட் திருப்பிக் கேட்டார். கோப்பர்நிக்கஸ் காலத்தில் எழுந்த மறுப்பும் இதுதானே! டிவிட் வாயடைத்துப் போனார். பின்னாளில் அவரே இக்கோட்பாட்டின் பெரும் பரப்புரையாளரும் ஆனார். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையும், 1973-இல் எவரெட்டின் முழு ஆய்வேட்டையும் சேர்த்து வெளியிட்ட நூலும்தான் 'பல உலகங்கள்' என்ற பெயரை உலகுக்குத் தந்தன. பதினாறு ஆண்டுகள் அந்த 137 பக்கங்கள் இருளில் கிடந்தன.

இதற்கிடையில் 1959-இல் எவரெட் தாமே கோப்பன்ஹேகன் சென்று நீல்ஸ் போரைச் சந்தித்தார். சந்திப்பால் எதுவும் விளையவில்லை. அந்தப் பயணத்தில் விடுதியில் அமர்ந்து வேறொரு கணிதமுறையை உருவாக்கிக்கொண்டு திரும்பினார். அது அவருடைய பாதுகாப்புத்துறைத் தொழிலுக்கு மிகவும் பயன்பட்டது. அணுப்போர் மூண்டால் கதிரியக்கச் சாம்பல் எவ்வளவு உயிர்களைக் குடிக்கும் என்று அவரும் இன்னொருவரும் கணக்கிட்ட அறிக்கையை, லைனஸ் பாலிங் தமது அமைதி நோபல் உரையில் எடுத்துக்காட்டினார். பல உலகங்களை எழுதியவர், இந்த ஓர் உலகம் அழியும் வகையைக் கணக்கிட்டே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

இரண்டாம் மாணவர்

1957-ஆம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அவ்வாண்டே வீலரும், ஷெரி இரவில் உடனிருந்த அந்த மிஸ்னரும், வெளியின் இரண்டு தொலை இடங்களை இணைக்கும் குறுக்குச் சுரங்கத்துக்குப் 'புழுத்துளை' என்று பெயரிட்டனர். ஆப்பிளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புழு தோலின்மேல் ஊர்ந்தும் போகலாம், உள்ளே துளைத்தும் போகலாம் அல்லவா?

1965-இல் வீலரிடம் முனைவர் பட்டம் பெற்ற கிப் தோர்ன் கைக்கு இருபதாண்டுகள் கழித்து அது வந்தது. வானியலாளர் கார்ல் சேகன் தாம் எழுதிக்கொண்டிருந்த 'கான்டாக்ட்' புதினத்தில் கதைத்தலைவியைக் கருந்துளை வழியே தொலைவிண்மீனுக்கு அனுப்பியிருந்தார். அறிவியல் சரியா என்று பார்க்கும்படி தோர்னுக்குக் கையெழுத்துப்படி வந்தது. கருந்துளையில் போனால் அவள் பிழைக்கமாட்டாள், புழுத்துளையில் அனுப்புங்கள் என்றார் தோர்ன். சொன்னதோடு நில்லாமல், மனிதர் கடக்கத்தக்க புழுத்துளை எப்படி இருக்க வேண்டும் என்று தம் மாணவர் மைக்கேல் மாரிஸோடு சேர்ந்து கணக்கிட்டார். 1988-இல் அது வெளிவந்த இடம் இயற்பியல் ஆசிரியர்களுக்கான இதழ். பொதுச் சார்பியலைக் கற்பிக்க உதவும் பயிற்றுத் துணைப்பொருள் என்றே தலைப்பில் போட்டிருந்தனர்! அவ்வாண்டே வேறொரு கட்டுரையில், உல்வி யுர்ட்செவரும் சேர்ந்துகொள்ள, புழுத்துளையைக் கால இயந்திரமாக மாற்றும் வழி சொல்லப்பட்டது.

வழி இதுதான். புழுத்துளையின் ஒரு வாயை இங்கேயே வைத்துக்கொண்டு, மறுவாயை ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஹாஃபல், கீட்டிங் கடிகாரம் போலவே பயணம் போன வாயின் காலம் பின்தங்கிவிடும். பிறகு ஒரு வாயில் நுழைந்தால் மறுவாயில் நேற்றுக்குள் வெளிவரலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. துளை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்க எதிர்ம ஆற்றல் வேண்டும். அத்தனை அளவு அதை எவரும் திரட்டியதில்லை. அடுத்து, இயந்திரம் உருவான நாளுக்கு முன்னால் அதைக் கொண்டு போக முடியாது. சோழர் காலத்தைப் பார்த்துவர எண்ணியோர் வேறு வழி தேட வேண்டியதுதான்.

இரண்டு ஓடைகளும் சேர்ந்த இடம்

கதாசிரியர்களின் பழைய முரண் இப்போது இயற்பியலாளர் மேசைக்கே வந்துவிட்டது. இரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் சொன்ன விடை: நடந்தது நடந்ததுதான். காலப்பயணி போகலாம், ஆனால் முன்பே நடந்த வரலாற்றின் பகுதியாகவே அவர் செயல்கள் அமையும். துப்பாக்கி சுடாது, அல்லது குறி தவறும்.

ஜோசப் போல்சின்ஸ்கி என்னும் இயற்பியலாளர் தோர்னுக்கு எழுதி இதைச் சோதித்தார். மனிதர், தாத்தா, மனவுறுதி என்று பேசினால் ஆளுக்கொன்று சொல்லித் தப்பிக்கலாம். ஆகவே ஒரு பில்லியர்ட்ஸ் பந்தை எடுத்துக்கொள்வோம் என்றார். பந்து புழுத்துளைக்குள் உருண்டு, சற்று முந்திய நேரத்தில் மறுவாயில் வெளிவந்து, துளைக்குள் போகவிருக்கும் தன்னையே மோதித் தள்ளிவிடுகிறது. ஆகவே அது துளைக்குள் போகவே இல்லை. அப்படியானால் மோதியது எது? பந்துக்கு மனமில்லை, குறி தவறவும் காரணமில்லை.

தோர்னின் மாணவர்கள் ஃபெர்னாண்டோ எச்சவெரியாவும் குன்னர் கிளிங்ஹாமரும் உட்கார்ந்து கணக்கிட்டனர். வெளிவரும் பந்து முழுமையாக மோதாமல் ஓரமாக உரசினால்? உரசப்பட்ட பந்து சற்றே வழி விலகினாலும் துளைக்குள் போய்விடுகிறது. சற்றே விலகிப் போனதால்தான் மறுபக்கம் சற்றே விலகி வெளிவந்து, முழுமையாக மோதாமல் உரசுகிறது! வட்டம் முரணின்றி மூடிக்கொண்டது. ஆனால் மகிழ்ச்சி முழுமையாகவில்லை. தொடக்கம் ஒன்றே ஆயினும் முரணற்ற முடிவுகள் ஒன்றல்ல, எண்ணற்றவை கிடைத்தன. எது நடக்கும் என்று சொல்லப் பழைய இயற்பியலிடம் விதி இல்லை. விடையே இல்லை என்று பயந்த கணக்குக்கு அளவுக்கு மிஞ்சிய விடைகள் வந்து நின்றன. என் பார்வையில், இவ்வரலாற்றின் மிக அழகிய கட்டம் இதுவே. உயர்நிலைப்பள்ளி வகுப்பில் ஒரு கோலிக்குண்டையும் வெண்பலகையையும் வைத்துக்கொண்டே இதை நடத்திக் காட்டலாம்.

இந்நிலையில்தான் எவரெட்டின் ஓடை வந்து சேர்கிறது. 1977-இல், அப்போது டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் பணியாற்றிய வீலரும் டிவிட்டும் எவரெட்டை உரையாற்ற அழைத்தனர். அங்கே இருந்த இளம் ஆய்வாளர் டேவிட் டாய்ச் அவரோடு உணவருந்திப் பேசினார். அதே டாய்ச், 1991-இல், காலப்பயணத்தின் குவாண்டம் கணக்கை வெளியிட்டார். உலகம் எவரெட் சொன்னபடி கிளைகளால் ஆனதாயின், பின்னோக்கிச் செல்பவர் வந்திறங்குவது தாம் புறப்பட்ட கிளையின் கடந்த காலத்தில் அன்று. வேறொரு கிளையின் கடந்த காலத்தில். அங்கே அவர் தாத்தாவைக் கொன்றாலும் முரண் இல்லை. அந்தக் கிளையில் அவர் பிறக்கமாட்டார். எங்கிருந்தோ வந்த அந்நியராக மட்டும் இருப்பார். கிளைதாவ எவரெட்டிடம் இல்லாத வழியை வீலரின் இன்னொரு மாணவருடைய புழுத்துளை தந்தது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒளித்துகள்களைக் கொண்டு டாய்ச்சின் கணக்கைப் போலச்செய்து பார்த்தனர். 'காலப்பயணம் மெய்ப்பிக்கப்பட்டது' என்று பரவிய செய்தி அதைப் பற்றியதாக இருக்கலாம். எந்தத் துகளும் உண்மையில் நேற்றுக்குப் போகவில்லை.

மூன்றாவது குரல் ஸ்டீவன் ஹாக்கிங்குடையது. கால இயந்திரம் உருவாகும் தறுவாயிலேயே இயற்கை அதைக் குலைத்துவிடும் என்று 1992-இல் ஊகம் ஒன்றை முன்வைத்தார். வெற்றிடத்தின் நுண்ணதிர்வுகள் துளை வழியே திரும்பத் திரும்பச் சுற்றிப் பெருகி அதை அழிக்கும் என்பது அவர் வாதம். அதனால் வரலாற்றாசிரியர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று வேடிக்கையாகவும் சொன்னார். 2009 சூன் 28-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலப்பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை. அது காலப்பயணத்துக்கு எதிரான சான்று என்றார். நகைச்சுவைக்கு நூறு மதிப்பெண் கொடுக்கலாம். சான்றுக்கு அவ்வளவு கொடுக்க முடியாது. 2009-க்கு முன் எவரும் புழுத்துளை அமைக்கவில்லையென்றால் விருந்தாளிகளால் எப்படியும் வந்திருக்க முடியாதே!

இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஹாக்கிங்கின் விடையில் கதவு இல்லை. நோவிகோவின் விடையில் கதவு உண்டு, ஆனால் உள்ளே போனவரால் எதையும் மாற்ற முடியாது. டாய்ச்சின் விடையில் மாற்றலாம், ஆனால் மாறுவது இன்னொரு கிளையின் கதை. நாம் விட்டுவந்த வீட்டில் இறந்தவர் இறந்தவராகவே இருப்பார், கூடவே நாமும் காணாமல் போயிருப்போம். கணக்குகள் வேறுபட்டாலும், நமக்கு நேர்ந்ததை நேராததாக்கும் வழியை மூவருமே தரவில்லை. திரைப்படங்கள் இந்த இடத்தை மட்டும் எப்போதும் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

குதிக்க விரும்புவோரின் மனம் நமக்குப் புரியாததன்று. அமெரிக்க இயற்பியலாளர் ரொனால்டு மாலட் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1955-இல், அவர் தந்தை 33 வயதில் மாரடைப்பால் இறந்தார். வெல்ஸின் கதையைப் படக்கதை வடிவில் படித்த அந்தச் சிறுவன், கால இயந்திரம் செய்து தந்தையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இயற்பியல் படித்தான், பேராசிரியரும் ஆனான். சுழலும் லேசர் ஒளியால் காலத்தை வளைக்க முடியுமா என்று 2000-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையும் எழுதினான். அதற்குத் தேவைப்படும் ஆற்றல் நடைமுறைக்கு எட்டாதது என்று மற்றவர்கள் மறுத்தனர். எட்டினாலும், இயந்திரம் பிறந்த நாளுக்கு முன்னால் போக முடியாது என்ற விதி அவருக்கும் உண்டு.

எவரெட் 1982 சூலை 19-ஆம் நாள், 51 வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அவரைக் கண்டெடுத்தவர் 19 வயது மகன் மார்க். தந்தையின் உடலைத் தொட்டபோது, அதற்குமுன் அவரைத் தொட்ட நினைவே தமக்கு இல்லை என்று அவர் பின்னாளில் கூறியுள்ளார். மேசையில் எப்போதும் எதையோ எழுதிக்கொண்டிருந்த அந்த மௌனமான மனிதர் என்ன கண்டுபிடித்தார் என்பதை, இசைக்கலைஞராகிவிட்ட அந்த மகன், 2007-இல் பிபிசி எடுத்த ஆவணப்படத்துக்காகத் தந்தையின் பழைய நண்பர்களையும் இயற்பியலாளர்களையும் தேடிப் போய்க் கேட்டறிந்தார்.

வீலரோ 1970-களின் இறுதியில் பல உலகக் கோட்பாட்டுக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டார். மெய்ப்பொருளியல் சுமை மிகுந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். கிப் தோர்ன் 2014-இல் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்துக்கு அறிவியல் வழிகாட்டியாக இருந்தார். 2017-இல் ஈர்ப்பலைகளுக்காக நோபல் பரிசு பெற்றார். அதைக் காண ஆசிரியர் இல்லை. வீலர் 2008 ஏப்ரல் 13-ஆம் நாள் 96 வயதில் காலமானார்.

அவருக்கு ஜோ என்றொரு தம்பி இருந்தார். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் படைவீரராக இருந்த ஜோ, அண்ணன் அணுகுண்டு ஆக்கத்தில் ஈடுபட்டிருப்பதை ஊகித்து, 'விரைந்து முடி' என்னும் பொருளில் இரண்டே சொற்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார். 1944 அக்டோபரில் ஜோ போர்க்களத்தில் மாண்டார். ஓராண்டு முன்னதாகக் குண்டு ஆயத்தமாகியிருந்தால் போர் அப்போதே முடிந்திருக்குமே, தம்பி பிழைத்திருப்பானே என்று வீலர் வாழ்நாள் முழுதும் எண்ணினார். 1998-இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் அதை எழுதினார். அப்போது அவருக்கு வயது 87. அஞ்சலட்டை வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.